22 எப்படி 18 ஆனது? ஆரோக்கியமான கருவிழியில் நரம்பு மாற்றத்தை அளப்பது பற்றி

கேள்வி இதுதான்: சர்க்கரை நோய் கிடையாது, கண்ணில் குறை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்குக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் (உயிருள்ள கண்ணை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் கருவி) கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் நரம்பு நீளம் ஆறு மாதத்துக்கு முன்பு 22 என்று வந்தது, இப்போது 18 என்று வருகிறது. நரம்பு குறைந்துவிட்டதா? ஆரோக்கியமான கண்ணில் இந்த மாதிரி மாற்றத்தை நம்பும்படி அளக்க முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலும் இந்த 22-ம் 18-ம் ஒரே நரம்புப் பின்னலை இரண்டு வெவ்வேறு இடத்தில் தொட்டுப் பார்த்ததன் விளைவுதான். ஆரோக்கியமான கண்ணில் உண்மையான மாற்றம் மிகச் சிறியது. அளவீட்டின் தடுமாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரியது. எனவே வேலையில் முக்கால் பங்கு அந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வதும்தான்.

முதலில், எதை அளக்கிறோம். முக்கிளை நரம்பின் கண் கிளையிலிருந்து வரும் இழைகள் கருவிழியின் ஓரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் ஸ்ட்ரோமா எனப்படும் தடித்த நடு அடுக்குக்குள் நுழைகின்றன. மேலே ஏறி, ஸ்ட்ரோமாவின் மேல் கிடக்கும் போமன் படலத்தைத் துளைத்துக்கொண்டு வந்து, அதற்கும் எபிதீலியம் என்ற மேற்புறச் செல் அடுக்கின் அடிவரிசைச் செல்களுக்கும் இடையில் படுத்தவாக்கில் ஓடுகின்றன. இந்தப் பின்னலைத்தான் படம் பிடிக்கிறோம். ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கருவிழித் தடிமனில், மேலிருந்து சுமார் 50 மைக்ரான் ஆழத்தில் இருக்கும் மிக மெல்லிய அடுக்கு அது. இழைகள் கண்டபடி ஓடுவதில்லை. மையத்துக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பக்கமாக ஒரு புள்ளியைச் சுற்றி, தலையில் மயிர்ச்சுழி இருப்பதுபோல் சுழித்துக்கொண்டு சேர்கின்றன. அதைச் சுழி என்றே சொல்வோம். மறுமுறை வந்து இடம் கண்டுபிடிக்க உள்ள ஒரே நல்ல அடையாளமும் அதுதான்.

கருவி பெரும்பாலும் ஹைடல்பெர்க் ரெட்டினா டோமோகிராஃப், அதன் முன்னால் ரோஸ்டாக் கருவிழி இணைப்பு. 670 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரு படத்தின் சட்டம் 400 × 400 மைக்ரான், அதாவது 0.16 சதுர மில்லிமீட்டர். 384 × 384 படப்புள்ளி. இந்த இரண்டு எண்களையும் மறக்கக் கூடாது, பிறகு வரும் கணக்கெல்லாம் இதிலிருந்துதான். பழைய பிளவு ஒளிக் கருவிகளில் எடுத்த எண்களை இதோடு ஒப்பிட வேண்டாம். அவற்றின் ஒளிவெட்டு தடிமனானது, மெல்லிய இழைகள் மங்கிப்போகும், அடர்த்தி குறைவாகவே வரும்.

அளவுகள் முக்கியமாக மூன்று. சி.என்.எஃப்.டி. என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை முதன்மை நரம்புகள் என்ற எண்ணிக்கை. சி.என்.பி.டி. என்பது அவற்றிலிருந்து பிரியும் கிளைகளின் எண்ணிக்கை. சி.என்.எஃப்.எல். என்பது முதன்மை, கிளை எல்லாவற்றின் மொத்த நீளம், சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று. கேள்வியில் உள்ள 22-ம் 18-ம் இதுதான். மூன்றில் நம்பகமானது நீளம். கிளை எண்ணிக்கை மிகவும் ஆடும்: எது கிளை, எது பக்கத்து நரம்போடு இணைக்கும் மெல்லிய இழை என்று இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்து ஒத்துப்போவதே கடினம். நெளிவு, மணிமணியான தடிப்பு, இழையின் அகலம் ஆகியவற்றையும் அளப்பார்கள். ஆரோக்கியமான கண்ணின் மாற்றத்தை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்புச் சதுரம். மேலிருந்து கீழாக நான்கு வெள்ளைக் கோடுகள், இடையில் இரண்டு மெல்லிய குறுக்கிழைகள். வலது விளிம்பில் ஐந்தாவது கோடு ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே. நான்கு நரம்பு என்றால் 4 ÷ 0.16 = 25. ஐந்தையும் எண்ணினால் 31.25. ஒரே ஒரு கோட்டை எண்ணுவதா வேண்டாமா என்ற முடிவு 6.25-ஐத் தூக்கிப் போடுகிறது. நீளத்திலும் அப்படித்தான்: நேராகச் சட்டத்தைக் கடக்கும் ஒரு நரம்பின் நீளம் 0.4 மி.மீ.; அதை 0.16-ஆல் வகுத்தால் 2.5. சாய்வாக மூலைக்கு மூலை ஓடினால் 3.5. கண் கால் மில்லிமீட்டர் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் போதும், 22 என்பது 18 ஆகிவிடும்.

இதோடு வயதின் தாக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் அளவு புரியும். 2015-இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட இயல்பளவு ஆய்வில் 343 ஆரோக்கியமானவர்கள் இருந்தார்கள். அதில் முதன்மை நரம்பு எண்ணிக்கை வயதோடு ஆண்டுக்குச் சுமார் 0.16 வீதம் குறைந்தது, ஆண் பெண் இருபாலிலும் ஏறத்தாழ அதே அளவு. மொத்த நீளத்தில் வயதால் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. வேறு ஆய்வுகளில் நீளமும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் மிக மெதுவாக. ஆக, ஒற்றைப் படத்தில் ஒரு நரம்பை விட்டுவிடுவது, 6.25-ஐ 0.16-ஆல் வகுத்தால், 39 ஆண்டு முதுமைக்குச் சமம். எட்டுப் படங்களின் சராசரியில் அதே தவறு 0.78 ஆகச் சுருங்கும். அப்போதும் அது கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு.

இன்னொரு சங்கதி பலரும் கவனிக்காதது. இந்தப் பின்னல் நிலையாக ஒரே இடத்தில் கிடப்பதில்லை. நியூசிலாந்தில் ஆரோக்கியமான கண்ணை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் பிடித்துப் பார்த்தபோது, நரம்புகளின் கிளைப் புள்ளிகள் சுழியை நோக்கி நகர்வது தெரிந்தது. வேகம் வாரத்துக்குச் சில மைக்ரானிலிருந்து இருபதுக்கும் மேல். வாரம் 20 மைக்ரான் என்று வைத்தால், 400 மைக்ரான் சட்டத்தில் இருந்த காட்சி முழுவதும் இருபது வாரத்தில் வெளியேறியிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்கு எவ்வளவு துல்லியமாகத் திரும்பி வந்தாலும் அங்கே பழைய நரம்புகளின் பழைய கிளைகள் காத்துக்கொண்டிருக்காது. ஆகவே ‘அதே நரம்பைத் தேடிப் பிடித்து அளப்பது’ என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஒரு பகுதியின் சராசரி அடர்த்தியை மதிப்பிடுகிறோம், அவ்வளவுதான். குளத்து மீன்களை எண்ணுவது மாதிரி: போன மாதம் பார்த்த மீனைத் தேடுவதில்லை, எத்தனை வலை வீசினோம், எங்கே வீசினோம் என்பதுதான் கணக்கு.

எத்தனை வலை? மையப் பகுதியிலிருந்து எட்டுப் படங்கள், ஒன்றோடொன்று 20 சதவீதத்துக்கு மேல் மேற்படியாமல், என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 2012-இல் ஆஸ்திரேலியாவில் வந்த மாதிரி-அளவு ஆய்வின் பரிந்துரை அது. எட்டுப் படம் என்றால் 1.28 சதுர மில்லிமீட்டர். கருவிழியின் முழுப் பரப்பு சுமார் 130 சதுர மில்லிமீட்டர். ஒரு சதவீதத்தைப் பார்த்துவிட்டு முழுவதையும் பற்றிப் பேசுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். நேரம் இருந்தால் பன்னிரண்டு எடுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் மாற்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படம் எடுக்கும் முறை. யாரை ‘ஆரோக்கியமானவர்’ என்று சேர்க்கிறீர்கள் என்பதில் தொடங்குகிறது. கண் மருத்துவர் ‘நார்மல்’ என்று எழுதியது போதாது. எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும், 5.7 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை மட்டும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையிலேயே இந்த நரம்புகள் மெலியத் தொடங்கிவிடலாம். பி12 குறைபாடு, தைராய்டு, கீமோதெரபி எடுத்த வரலாறு, கண்ணில் அக்கி வந்த வரலாறு, உலர்கண், நீண்ட நாள் பதப்பொருள் கலந்த சொட்டு மருந்து, கண் அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் கேட்க வேண்டும். லேசிக், அதாவது பார்வைக் குறையைத் திருத்தும் லேசர் அறுவை செய்தவரைச் சேர்க்கவே கூடாது. அதில் மடலை வெட்டித் தூக்கும்போது மைய நரம்புகள் ஏறக்குறைய முழுவதும் அறுந்துபோகின்றன, மீண்டு வர ஆண்டுக்கணக்காகும். காண்டாக்ட் லென்ஸ் விஷயத்தில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனால் அணிபவர்களைத் தனியாக வைப்பதும், முதல் வருகைக்கும் அடுத்ததற்கும் இடையில் அணியத் தொடங்கியவரை விலக்குவதும் நல்லது.

கருவிழியின் தொடு உணர்திறனையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மரத்துப்போகும் சொட்டு விட்ட பிறகு அளந்த உணர்திறன் எதற்கும் உதவாது. வரிசையைத் தவறவிட்டு ஒரு முழு நாள் பதிவைத் தூக்கிப்போட நேர்வது இந்தத் துறையில் சாதாரணம். கோஷே-போனே கருவியில் 0.12 மி.மீ. தடிமனுள்ள நைலான் இழை இருக்கும். 60 மி.மீ. முழு நீளத்தில் தொடங்கி, ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, தொட்டது தெரிகிறது என்று அவர் சொல்லும் நீளத்தைக் குறிப்பார்கள். நீளம் குறையக் குறைய இழை விறைப்பாகி அழுத்தம் கூடும். சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியமான இளவயதினர் பெரும்பாலும் 60-லேயே உணர்ந்துவிடுவார்கள். அளவுகோல் அங்கேயே முடிந்துவிடுகிறது. 60-இலிருந்து இன்னும் நன்றாக உணர்கிறாரா என்று பார்க்க வழியில்லை. நைலான் ஈரப்பதத்துக்கு இளகும் என்பதால் மழைநாள் எண்ணும் வறண்ட நாள் எண்ணும் ஒன்றாக இருக்காது. ஆரோக்கியமான கண்ணில் நுண்ணிய வேறுபாடு தேட வேண்டுமானால் காற்றுத் தாரையால் தூண்டும் பெல்மோன்தே வகைக் கருவியே பொருத்தம். எதுவானாலும், உணர்திறன் மாறாதது நரம்பு மாறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பிறகு கான்ஃபோக்கல். பொருள்வில்லையின் நுனியில் ஒரு துளி கார்போமர் ஜெல், அதன்மேல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் மூடி. ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் படத்தில் ஒரு மூலை எப்போதும் மங்கலாகவே வரும். அதைக் கண்டால் மூடியைக் கழற்றித் திரும்பப் போடுவதுதான் வழி, பொறுத்துக்கொண்டு எடுப்பதில் பயனில்லை. மூடியின் முன்பரப்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் ஆழ அளவியைப் பூஜ்யமாக்குங்கள். கண்ணில் 0.4 சதவீத ஆக்சிபுப்ரோகைன் போன்ற மரத்துச் சொட்டு ஒன்று, பிறகு ஜெல். நெற்றியும் தாடையும் சட்டத்தில் அழுந்தி இருக்க வேண்டும், கூடவே மறு கண் ஒரு ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கவாட்டுக் கேமராவில் லேசர் ஒளிர்வு கருவிழியின் நடுவில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்ல முன்னே நகர்த்தி, மூடி கருவிழியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள்.

உள்ளே இறங்கும்போது முதலில் அகலமான மேல்செல்கள், சில 50 மைக்ரான் வரை இருக்கும். அடுத்து 20 மைக்ரான் அளவில் இடைச்செல்கள். அப்புறம் தேன்கூடு போல நெருக்கமாக, 10 மைக்ரானுக்கும் குறைவான அடிவரிசைச் செல்கள். அவை மங்கும் கணத்தில் வெள்ளைக் கோடுகள் எழும்பும். இன்னும் இறங்கினால் உருவமற்ற சாம்பல் மூட்டமாகப் போமன் படலம், அதற்குக் கீழே ஸ்ட்ரோமாவின் செல்களான கெரட்டோசைட்டுகளின் பளிச்சென்ற கருக்கள். நரம்புகள் நன்றாகத் தெரியும் ஆழம் நான்கைந்து மைக்ரான் அகலம்தான். இதயத்துடிப்புக்கும் மூச்சுக்கும் கண் முன்பின்னாக ஆடும்போதே அந்த ஆழம் கைநழுவும். அதனால் ஒற்றைப் படமாகச் சொடுக்கி எடுப்பதைவிட, ஆழக் குமிழை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே தொடராகப் பதிந்து, பின்னர் அவற்றிலிருந்து தேர்வது நல்லது.

சுழியைப் பிடிக்க வேண்டும் என்றால் அது கீழே மூக்குப் பக்கம் இருப்பதால், அவர் சற்று மேலே, காதுப் பக்கமாகப் பார்க்க வேண்டும். மையத்தில் மேலிருந்து கீழாக இணையாக ஓடும் கோடுகள் வளையத் தொடங்கினால் சுழி அருகில் இருக்கிறது. சுழிப் படத்தையும் மையப் படத்தையும் ஒரே சராசரியில் கலக்கக் கூடாது. சுழியில் நரம்புகள் நெருக்கம் அதிகம். முதல் வருகையில் இரண்டு சுழிப் படம் கலந்து, அடுத்த வருகையில் ஒன்றும் கலக்காவிட்டால் நரம்பு ‘குறைந்துவிடும்’. சுழிக்கென்று தனியாக நீளக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில நோய்களில் மாற்றம் அங்கேதான் முன்னதாகத் தெரிகிறது.

என்ன தவறு நடக்கும் என்பதற்கு வருவோம். முதலாவது அழுத்தம். கருவியைக் கொஞ்சம் அதிகம் முன்னே தள்ளினால் கருவிழி தட்டையாகி மடிப்பு விழும். கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தால் அது மடிப்பு. போமன் படல மட்டத்தில் 5 முதல் 15 மைக்ரான் அகலத்தில், ஓரம் தெளிவில்லாத சாம்பல் பட்டைகளாகத் தெரிபவை கே-அமைப்புகள் எனப்படும் நாரிழைக் கட்டுகள். இவற்றை நரம்பென்று தானியங்கி மென்பொருளும் எண்ணிவிடும், பழக்கமில்லாத கண்ணும் எண்ணிவிடும். அழுத்தம் தெரிந்தவுடன் கருவியைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொல்லி, மீண்டும் தொடுங்கள்.

இரண்டாவது சாய்வு வெட்டு. கருவிழி வளைந்தது, நரம்பு அடுக்கோ மெல்லியது. சட்டத்தின் இடது பாதியில் நரம்புகள், வலது பாதியில் தேன்கூடு செல்கள் என்று வரும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வலது பாதியில் நரம்பு இல்லாமல் இல்லை, அந்த ஆழத்துக்கு வெட்டு போகவில்லை. ஆனால் வகுக்கும் பரப்பு மட்டும் முழு 0.16 ஆகவே இருக்கும். 10 மைக்ரானுக்கும் குறைந்த ஆழப் பிழை நரம்பு அடர்த்தியைப் பாதியாக்கிவிடுகிறது! இப்படிப்பட்ட படத்தை ஒதுக்குங்கள். ஒதுக்க மனமில்லை என்றால் நரம்பு அடுக்கு தெரியும் பரப்பை மட்டும் வரைந்து அதனால் வகுங்கள். இரண்டில் எதுவானாலும் இரு வருகைக்கும் ஒரே விதி.

மூன்றாவது டென்ட்ரிடிக் செல்கள். நோய் எதிர்ப்பு வேலைக்கான இந்தச் செல்கள் நரம்பு அடுக்கிலேயே பளிச்சென்று, கிளைத்த கைகளோடு உட்கார்ந்திருக்கும். கைகள் நீண்டவையாக இருந்தால் ஒரு செல் 50 மைக்ரான் வரை நீளும். நரம்போடு ஒட்டிக்கிடந்தால் கிளை மாதிரியே இருக்கும். உடல் தடிப்பாகவும் நுனி சட்டென்று முடிவதாகவும் இருந்தால் அது செல். ஆரோக்கியமான கண்ணின் மையத்தில் இவை குறைவு. திடீரென்று பல தெரிந்தால், நரம்புக் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணில் அழற்சி எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

நான்காவது, தேர்வு செய்பவரின் கை. நூறு படத்திலிருந்து எட்டைப் பொறுக்கும்போது கண் தானாகவே ‘அழகான’ படத்துக்குப் போகும். நரம்பு நிறைய இருக்கும் படம்தான் அழகான படம். இதனால் பொறுக்கியெடுத்த படங்களின் சராசரி எப்போதும் உண்மையைவிட உயர்ந்தே நிற்கும். பல நூறு படங்களை ஒட்டி உருவாக்கும் பெரும் மொசைக் படங்களில் அதே ஆட்களின் அடர்த்தி கணிசமாகக் குறைந்து வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். உயர்ந்து நிற்பதுகூடப் பரவாயில்லை, இரண்டு முறையும் ஒரே அளவு உயர்ந்தால். ஆனால் முதல்முறை பொறுமையாக இருநூறு படத்திலிருந்தும், அடுத்தமுறை அவசரத்தில் நாற்பதிலிருந்தும் பொறுக்கினால்? 22-ம் 18-ம் அப்படியும் பிறக்கும். அதனால் தேர்வு விதியை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும்: மையம் மட்டும், சட்டம் முழுவதும் நரம்பு அடுக்கு, மடிப்பு கூடாது, அசைவால் இழுபட்ட படம் கூடாது, மேற்படிவு 20 சதவீதத்துக்குள். இந்த விதியில் தேறிய எல்லாவற்றிலிருந்தும் எட்டைச் சீட்டுப்போட்டு எடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இது சும்மா கிடைக்கும் திருத்தம், இதைவிட மலிவான ஒன்று இந்த வேலையில் இல்லை.

மொசைக் வசதி உள்ளவர்கள் அதையே செய்யலாம். ஜெர்மனியின் ரோஸ்டாக், கார்ல்ஸ்ரூஹே குழுக்கள் பார்வைப் புள்ளியைச் சுருள் வடிவில் நகர்த்தி, கண்ணையே அதன்பின் நகரவைத்துப் பரந்த பரப்பைப் பதியும் முறையை உருவாக்கின. சுழியும் அதைச் சுற்றிய பகுதியும் ஒரே படத்தில் வந்துவிடுவதால் எங்கே அளந்தோம் என்ற சந்தேகமே எழாது. ஒன்று மட்டும்: மொசைக்கில் வந்த எண்ணையும் எட்டுப் பட எண்ணையும் ஒருவருக்கு மாறிமாறிப் பயன்படுத்தக் கூடாது.

படம் கிடைத்த பிறகு அளவிடும் கட்டம். கையால் வரைய சிசிமெட்ரிக்ஸ், இமேஜ்ஜே-யோடு சேரும் நியூரான்ஜே. தானாக அளக்க ஏசிசிமெட்ரிக்ஸ். மான்செஸ்டரில் உருவான இந்தத் தானியங்கி மென்பொருள் மெல்லிய இழைகளைத் தவறவிடும், அதனால் அதன் எண்கள் கையால் வரைந்ததைவிடக் குறைவாக வரும். ஆனால் அதே படத்தைக் கொடுத்தால் எத்தனை முறையும் அதே விடை. மாற்றத்தை அளக்க அந்தப் பிடிவாதம் ஒரு நற்குணம். மனிதரோ திங்கட்கிழமை வரையும் மெல்லிய இழையை வெள்ளிக்கிழமை விட்டுவிடுவார். கையால்தான் வரைவது என்று முடிவானால், இரு வருகைப் படங்களையும் ஒன்றாகக் குலுக்கி, கோப்புப் பெயரைக் குறியீடாக மாற்றி, எந்தப் படம் எந்த வருகை என்று வரைபவருக்குத் தெரியாமல் கொடுங்கள். முதல் வருகையை அன்றே வரைந்துவிட்டு, இரண்டாவதை ஆறு மாதம் கழித்து வரைவது சரியான முறையே அல்ல. அந்த ஆறு மாதத்தில் வரைபவரின் கண் மாறியிருக்கும்.

அளவுக்கோட்டில் ஒரு சிறு பொறி உண்டு. 384 புள்ளி 400 மைக்ரான் என்றால் ஒரு புள்ளி 1.04 மைக்ரான். இதை ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரான் என்று வைத்துக்கொண்டு பரப்பை மட்டும் 0.16 என்று போட்டால் நீளம் 4 சதவீதம் குறையும். பரப்பையும் புள்ளியிலேயே கணக்கிட்டால் அடர்த்தி 4 சதவீதம் கூடும். 22-இல் அது கிட்டத்தட்ட 0.9. ஆளும் மென்பொருளும் மாறும் இடத்தில் இந்தப் பொறியில் விழுவது சுலபம்.

இனி எண்ணுக்குப் பொருள் சொல்லும் கட்டம். ஒரே ஆளை ஓரிரு வாரத்துக்குள் இருமுறை அளந்தால், நரம்பு மாறியிருக்க வாய்ப்பில்லை. வரும் வேறுபாடு முழுவதும் அளவீட்டின் தடுமாற்றமே. கணக்குக்காக ஐந்து பேரின் வேறுபாட்டை 1.5, −2.4, 0.8, −2.6, 3.1 என்று எடுத்துக்கொள்வோம். வர்க்கங்களின் கூட்டல் 25.02. அதை ஆட்களின் எண்ணிக்கையின் இரண்டு மடங்கால், அதாவது 10-ஆல் வகுத்தால் 2.5, வர்க்கமூலம் 1.58. ஓர் ஆளுக்குள் இருக்கும் திட்ட விலக்கம் இது. இதை 2.77-ஆல் பெருக்குங்கள், அதாவது 1.96-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. விடை 4.4. தனி ஒருவரிடம் 4.4-க்குக் குறைவான மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல முடியாது. 22 − 18 = 4. அது உள்ளேயே அடங்கிவிட்டது. நடைமுறையில் ஐந்து பேர் போதாது, இருபது முப்பது பேராவது வேண்டும். வேறொரு இடத்தில் பதிப்பித்த எண்ணைக் கடன் வாங்குவதும் கூடாது. உங்கள் கருவி, உங்கள் ஆள், உங்கள் தேர்வு விதியின் தடுமாற்றம் உங்களுடையது.

ஐ.சி.சி. எனப்படும் ஒத்திசைவுக் கெழு 0.8, 0.9 என்று வந்தால் நிம்மதியாகிவிடுபவர்கள் உண்டு. அது ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பொறுத்தது. நரம்பு மிகவும் குறைந்த சர்க்கரை நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் கலந்து கணக்கிட்டால் கெழு அழகாக உயரும். அதே தடுமாற்றத்தோடு ஆரோக்கியமானவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் அதிகம் வேறுபடாததால், கெழு விழும். அளவீடு கெட்டுப்போகவில்லை, ஆட்கள்தான் ஒன்றுபோல் இருக்கிறார்கள். ஆரோக்கியமான கண்ணுக்கு ஓர் ஆளுக்குள் இருக்கும் விலக்கத்தையே சொல்லுங்கள்.

குழுவாக ஆராய்பவர்களுக்கு அதே எண்களே வழிகாட்டும். இரு அளவீட்டு வேறுபாட்டின் விலக்கம் 1.58 × 1.41, அதாவது சுமார் 2.24. குழுச் சராசரியில் 1 அளவு மாற்றத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 40 பேர் போதும். வயதால் ஆண்டுக்கு 0.05 குறைகிறது என்று வைத்துக்கொண்டு, அதை ஓராண்டில் பிடிக்கப் பார்த்தால் பதினைந்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள் வேண்டும். முதுமையை அளக்க வேண்டுமென்றால் வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் அளப்பதோ, அதே ஆட்களைப் பல ஆண்டு தொடர்வதோதான் வழி. இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கை இரட்டிப்பானதாகக் காட்டுவதும் வேண்டாம். ஓர் ஆளின் இரண்டு கண்ணும் ஒன்றையொன்று ஒத்தே போகும். ஒரு கண்ணை மட்டும் எடுங்கள், அல்லது இரண்டின் சராசரியை ஒரு எண்ணாக்குங்கள்.

கேள்வியில் உள்ளவருக்கு இப்போது என்ன செய்வது? பழைய படங்களைத் திறந்து, எத்தனை படம், சுழி கலந்திருக்கிறதா, சாய்வு வெட்டு எத்தனை, எந்த மென்பொருள் என்று பாருங்கள். இரு வருகைப் படங்களையும் குறியீடிட்டு ஒரே ஆள் ஒரே அமர்வில் மறுபடி அளக்கட்டும். பல சமயம் ‘இழப்பு’ இந்தக் கட்டத்திலேயே காணாமல் போய்விடும். அப்படியும் வேறுபாடு நின்றால் இரண்டு வாரத்துக்குள் அதே கருவியில், அதே ஆள் எடுத்து, மையத்திலும் சுழியிலும் தனித்தனியாக, இரு கண்ணிலும் மறுபதிவு செய்யட்டும். நான்கு இடத்திலும் ஒரே திசையில், உங்கள் தடுமாற்ற அளவைத் தாண்டிக் குறைந்திருந்தால் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, எச்பிஏ1சி-யையும் பி12-ஐயும் மறுபடி பார்த்து, ஆறு மாதத்தில் புதிதாகத் தொடங்கிய மருந்து, சொட்டு, லென்ஸ் என்ன என்று கேளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் குறைந்திருந்தால், காரணத்தை உடம்பில் தேடாமல் அந்தக் கண்ணில் தேடுங்கள்: பழைய கீறல், அக்கித் தழும்பு, இமை விளிம்பின் அழற்சி.